ஆபீஸ் தரும் பல் இன்சூரன்ஸை எடுக்கலாமா? நீலகிரியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வருடத்துக்கு ஒருமுறை எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும். மெடிக்கல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிறோம், பல் சிகிச்சைக்கு டாப்-அப் வேண்டும் என்றால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள், பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்று இருக்கும். கேட்கும் தொகை பெரிதாகத் தெரியாது. பல் டாக்டர் பில் எவ்வளவு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால், பலர் யோசிக்காமல் "ஆம்" போடுகிறார்கள். இன்னும் பலர் அந்த மெயிலைத் திறப்பதே இல்லை. ஆறு மாதம் கழித்துக் கடைவாய்ப் பல் வலிக்கும்போதுதான் அது ஞாபகம் வரும். அப்போது சேர வழி இருக்காது.

குன்னூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பதால் இந்தக் கேள்வி என் மேஜைக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறது. நான் சொல்வது இதுதான்: மலையில் இருப்பவர்கள் பிரீமியத்தையோ, கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் உச்சவரம்பையோ முதலில் பார்க்கக் கூடாது. அந்த பிளானை ஏற்றுக்கொள்ளும் பல் டாக்டர் நம் ஊரில் இருக்கிறாரா என்றுதான் பார்க்க வேண்டும். பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கூட்டல் கழித்தல் போதும்.

படி 1: இப்போதே கையில் என்ன இருக்கிறது?

புதிதாக ஒன்றுக்குப் பணம் கட்டும் முன், ஏற்கெனவே உள்ள உரிமை என்ன என்று பாருங்கள். அது நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனமும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வந்தால், உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் ஏற்கெனவே பிடிக்கப்படுகிறது. நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. 18,000 சம்பளக்காரருக்கு இது மாதம் 135 ரூபாய். ஓட்டல், ரிசார்ட், தனியார் பள்ளி, கடை, பேக்கரி என்று இங்கே நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியில் பல் சிகிச்சையும் உண்டு; உச்சவரம்பு பார்த்துக் கை விரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் நமக்கு அருகில் உள்ள பெரிய ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை கோவை சிங்காநல்லூரில்தான். ஒரு பல்லைப் பிடுங்க மலையிறங்க வேண்டுமா என்று தோன்றலாம். பெரிய வேலை என்றால் அந்தப் பயணம் தகும்.

தேயிலைத் தொழிற்சாலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1948-ஆம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டம் தேயிலைத் தயாரிப்பைப் பருவகாலத் தொழிற்சாலை என்ற வகையில் வைத்து விலக்கியது. ஆகவே பக்கத்து ரிசார்ட்டில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு இருப்பதால், பாக்டரியில் இருக்கும் அண்ணனுக்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தது. ஆனால் எஸ்டேட் டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கிடைப்பது வேறு, பல் பார்ப்பது வேறு. பல் வைத்தியத்துக்கு எங்கே அனுப்புகிறார்கள், செலவு யாருடையது என்று ஆபீஸ் ரைட்டரிடமோ வெல்ஃபேர் ஆபீசரிடமோ நேராகக் கேளுங்கள்.

அருவங்காடு தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவ அலுவலகங்கள், மாநில அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு அவரவர் துறையின் மருத்துவத் திட்டம் உண்டு. அதில் பல்லுக்கு என்ன விதி என்று தெரிந்துகொள்ளாமல் வெளியே எதுவும் வாங்க வேண்டாம்.

கடைசியாக, நிறுவனம் போட்டுத்தரும் குரூப் மெடிக்கல் பாலிசி. கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடி பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இருப்பது இதுதான். மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று கவர் இருப்பதால் பல்லுக்கும் சேர்த்துத்தான் என்று நம்பிவிடுகிறார்கள். அது மருத்துவமனையில் படுத்தால் கிடைக்கும் காசு. பல் வைத்தியமோ நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து வருவது. விபத்தில் தாடையோ பல்லோ உடைந்து அட்மிட் ஆனால் தருவார்கள். சொத்தைப் பல்லுக்கு ரூட் கேனால் செய்தால் பெரும்பாலான பாலிசிகள் தராது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பல் டாப்-அப் என்று தனியாக ஒன்றை விற்கிறார்கள்.

படி 2: விற்கப்படுவது இன்சூரன்ஸா, தள்ளுபடி கார்டா?

"டென்டல் பிளான்" என்ற ஒரே பெயரில் மூன்று விதமான பொருட்கள் வருகின்றன.

முதல் வகையில், பாலிசியோடு ஓ.பி.டி. கவர், அதாவது அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியத்துக்கான கவர் சேர்ந்து, அதற்குள் பல்லுக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கும். பில்லைக் கொடுத்தால் பணம் வரும். இதுதான் இன்சூரன்ஸ். இரண்டாவது வகை வருடச் சந்தா. கன்சல்டேஷன் இலவசம், ஒரு எக்ஸ்ரே இலவசம், ஒரு கிளீனிங் இலவசம், மற்றதுக்கு இருபது முப்பது சதவீதம் குறைப்பு என்று இருக்கும். இதில் கிளெய்ம் என்ற பேச்சே கிடையாது. குறிப்பிட்ட கிளினிக்குகளில் மட்டும் செல்லும் தள்ளுபடி அது. மூன்றாவது, நிறுவனம் ஒவ்வொருவருக்கும் ஒரு தொகையைக் கொடுத்து, கண்ணாடி, பல், உடற்பயிற்சி என்று எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கச் சொல்வது.

எச்.ஆருக்கு ஒரே வரியில் எழுதிக் கேளுங்கள்: "என் ஊர் டாக்டரிடம் நான் காசு கட்டிவிட்டு பில் கொடுத்தால் பணம் திரும்ப வருமா?" வரும் என்றால் முதல் வகை. அவர்கள் ஒப்பந்தம் வைத்திருக்கும் நெட்வொர்க் கிளினிக்கில் மட்டும்தான் என்றால், அடுத்த படியை இரண்டு முறை படியுங்கள்.

இணையத்தில் தேடினால் வரும் ஆலோசனைகளில் பாதி அமெரிக்கர்களுக்கானவை. அங்கே கிளீனிங் போன்றவற்றுக்கு 100 சதவீதம், சொத்தையை அடைப்பதற்கு 80, பல்லுக்கு மேல் மாட்டும் கேப் போன்ற பெரிய வேலைக்கு 50 என்று தரும் முறை பரவலாக உள்ளது. வேலை தரும் நிறுவனம் பிரீமியத்தில் நல்ல பங்கைக் கட்டுவதும் சாதாரணம். அந்தக் கணக்கை வைத்து "கட்டாயம் எடுங்கள்" என்று யாராவது பேசினால், நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது.

படி 3: நெட்வொர்க் பட்டியலைக் கையில் வாங்குங்கள்

எச்.ஆர். "நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிளினிக்" என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். நமக்குத் தேவை ஆறேழு பெயர்கள்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆகிய ஊர்களின் பின்கோடுகளைப் போட்டுத் தேடுங்கள். செயலியில் பெயர் வந்தாலும் அதோடு விடாமல், அந்த கிளினிக்குக்கு நீங்களே போன் செய்து, "இந்த கார்டை இன்னும் எடுத்துக்கொள்கிறீர்களா, எந்த வேலைக்கெல்லாம்?" என்று கேளுங்கள். பட்டியலில் இருக்கும் கிளினிக் ஒப்பந்தத்திலிருந்து விலகி வெகு நாள் ஆகியிருக்கலாம். கன்சல்டேஷனுக்கு மட்டும் ஒத்துக்கொண்டு, ரூட் கேனாலுக்கு முழுக்காசு கேட்கும் இடமாகவும் இருக்கலாம்.

பட்டியல் கோவையோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ரூட் கேனால் வழக்கமாக ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. இரண்டு மூன்று முறை போக வேண்டும், அப்புறம் கேப்புக்கு அளவெடுக்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள். ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கிலோமீட்டர். போக வர ஒரு நாள் போய்விடும். கிளினிக்கில் இருக்கப்போவது அரை மணி நேரம்தான், கழிவது முழு நாள் லீவு. தினக்கூலிக்காரர் என்றால் அது நேராகக் கூலியில் விழும் அடி. ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதை நெரிசலைச் சொல்லவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் எடுத்த அப்பாயின்ட்மென்ட் வீண். பாதி திறந்த பல்லோடு தற்காலிக அடைப்பை வைத்துக்கொண்டு ரோடு திறக்கக் காத்திருப்பது மிகவும் கஷ்டம்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு வேறொரு பிரச்சினை. அவர்கள் வைத்தியத்துக்குச் சுல்தான் பத்தேரிக்கோ மைசூருக்கோ போவது வழக்கம். பிளான் வேறு மாநில கிளினிக்குகளை ஏற்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கும் என்றால், மாவட்டத்தின் மற்ற பகுதிகளைவிட உங்களுக்கு அது கூடுதலாகவே பயன்படலாம்.

நெட்வொர்க்கில் நம் ஊர் இல்லை, வெளி பில்லுக்குப் பணமும் தர மாட்டார்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். பிரீமியம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 4: கடைசித் தேதிக்கு முன் ஒருமுறை வாயைக் காட்டுங்கள்

இது எளிதான படி. ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை. உள்ளூர் டாக்டரிடம் போய், வீட்டில் எல்லோருக்கும் பொதுப் பரிசோதனை செய்து, அடுத்த ஒரு வருடத்தில் என்னென்ன வேலை வரும், எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்தப் பல் என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். கீழ் இடது முதல் கடைவாய்ப் பல் 36, கீழ் வலது என்றால் 46, இப்படி ஒவ்வொரு பல்லுக்கும் எண் இருக்கிறது. பின்னால் கிளெய்முக்கும் இந்த எண் உதவும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் ஈறுகளைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றுகிறது, ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் இருந்தால் வாயின் உள்பக்கத்தில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று கட்டாயம் காட்டுங்கள். இன்சூரன்ஸ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது தேவை. எஸ்டேட் லயன் வீடுகளில் புண்ணை வருடக்கணக்கில் வலி மாத்திரையால் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

படி 5: கணக்கு

கீழே வரும் தொகைகள் கணக்கு காட்டுவதற்காக மட்டும். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த தொகைகளைப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

டாப்-அப் பிரீமியம் குடும்பத்துக்கு 4,000 ரூபாய் என்று வைப்போம். தனிநபர் மெடிக்கல் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் குரூப் பாலிசிக்கு அந்த விலக்கு இல்லை, 18 சதவீதம் உண்டு. ஆகச் சம்பளத்தில் பிடிபடுவது 4,720. வருட உச்சவரம்பு மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து 10,000. ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் நம் பங்கு.

கணவன் மனைவி இருவருக்கும் கிளீனிங் 2,000, ஒரு அடைப்பு 1,200 என்று ஒரு சாதாரண வருடம் போனால், மொத்தம் 3,200. நம் பங்கு போக 2,560 வரும். கட்டியது 4,720. கையை விட்டுப் போனது 2,160.

ஒரு ரூட் கேனால் 5,000, அதற்கு கேப் 6,000 என்று வந்தால் 11,000. இதில் 80 சதவீதம் 8,800. பிரீமியம் போக 4,080 லாபம். ஆனால் இதே வேலைக்குக் கோவைக்கு மூன்று முறை மட்டுமே போய், ஒவ்வொரு முறையும் பஸ், சாப்பாடு, லீவு என்று 1,500 ஆனால், 4,500 போய்விடும். லாபம் மறைந்து 420 நஷ்டம். கேப்புக்குத் தர மாட்டோம் என்று பாலிசியில் ஒரு வரி இருந்தால், பயணமே இல்லாமல்கூட 4,000 வந்து 720 நஷ்டம்.

இதிலிருந்து இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 4,720-ஐ 0.8-ஆல் வகுத்தால் 5,900. வருடத்தில் அவர்கள் ஒத்துக்கொள்ளும் பில் இதைத் தாண்டினால்தான் ஒரு ரூபாயாவது மிச்சம். அடுத்தது, 10,000-இல் 4,720 போனால் 5,280. எவ்வளவு பெரிய செலவு வந்தாலும் இந்த பிளான் உங்களுக்குத் தரக்கூடிய அதிகபட்ச உதவி இவ்வளவுதான்.

இந்த இரண்டாவது எண்ணை யாரும் நமக்குச் சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்பது என் ஆதங்கம். மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுப்பது குடும்பத்தை முடக்கும் செலவு வந்தால் தாங்குவதற்காக. பல் பிளான் அந்தப் பெரிய செலவு வரும் இடத்தில்தான் மூடி போட்டு வைத்திருக்கிறது. மூன்று பல் போய் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் அது பட்டியலிலேயே இருக்காது. பிள்ளைக்குக் கம்பி போடுவதும் அப்படித்தான், அழகுக்கான சிகிச்சை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே இது முன்பணம் கட்டி வைப்பதுபோன்ற ஏற்பாடு. முன்பணம் என்றால், எதற்குக் கட்டுகிறோம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் படி 4-இல் எழுதி வாங்கிய தாள் முக்கியம். அதில் இந்த வருடம் செய்தாக வேண்டிய ரூட் கேனாலோ, குழந்தைகளுக்கு நாலைந்து அடைப்போ இருந்தால், உள்ளூர் கிளினிக்கும் பட்டியலில் இருந்தால், எடுங்கள். கிளீனிங் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்தைத் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் மாதம் 400 போடுங்கள். மூன்று வருடத்தில் வட்டியைச் சேர்க்காமலே 14,400 சேர்ந்திருக்கும். எந்த டாக்டரிடமும் செல்லும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

முழுப் பிரீமியத்தையும் நிறுவனமே கட்டினால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். வாங்கிக்கொண்டு, வருடம் முடிவதற்குள் கிளீனிங்காவது செய்துவிடுங்கள்.

படி 6: பாலிசித் தாளில் தேட வேண்டிய வரிகள்

காத்திருப்புக் காலம், அதாவது சேர்ந்து இத்தனை மாதம் கழித்துத்தான் கிளெய்ம் என்ற விதி, இருக்கிறதா? குரூப் பாலிசியில் பெரும்பாலும் தள்ளுபடி செய்வார்கள், பல் டாப்-அப்புக்கு மட்டும் தனியாக வைத்திருக்கலாம். ஏற்கெனவே விழுந்துபோன பல்லுக்கு மாற்றுப் பல் வைத்தால் தருவார்களா? உச்சவரம்பு தலைக்கு இவ்வளவா, குடும்பத்துக்கு இவ்வளவா? ஒவ்வொரு சிகிச்சைக்கும் உள்வரம்பு உண்டா? அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா? பல் செலவு அதிகம் வருவது அவர்களுக்குத்தான், ஆனால் பல பிளான்கள் மனைவி மக்களோடு நின்றுவிடும்.

பாலிசி வருடம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத இரண்டு வேலைகள் இருந்தால், ஒன்றை முடியும் மாதத்திலும் மற்றதைப் புதிய வருடத்தின் முதல் மாதத்திலும் வைத்தால் இரண்டு வருடத்து வரம்பும் பயன்படும். டாக்டரிடம் கேட்டுத்தான் தள்ளிப்போட வேண்டும். சீழ் வைத்த பல்லை வரம்புக்காக ஒரு வாரம்கூட வைத்திருக்காதீர்கள்.

வேலையை விட்டால் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு கவர் முடியும். கட்டிய பிரீமியத்தில் மீதி மாதத்துக்குத் திரும்ப வருமா என்று கேளுங்கள். ஒப்பந்த வேலையில் இருப்பவர்களுக்கும், சீசன் முடிந்தால் மாறிவிடும் ரிசார்ட் ஊழியர்களுக்கும் இது பெரிய விஷயம்.

வருமான வரியில் 80டி என்று நாம் பழகிய கழிவு, நீங்கள் சொந்தமாகக் கட்டும் மெடிக்கல் பிரீமியத்துக்குப் பழைய வரிமுறையில் மட்டும் கிடைக்கும். புதிய வரிமுறையில் இருப்பவர்கள் "வரி மிச்சம்" என்ற பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

படி 7: எடுத்துவிட்டால், பில்லை ஒழுங்காக வாங்குங்கள்

நம் ஊர் கிளினிக்குகளில் துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தருவது சகஜம். கிளெய்முக்கு அது போதாது. நோயாளியின் பெயர், தேதி, பல் எண், செய்த வேலை, ஒவ்வொன்றுக்கும் தொகை, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை ஆகிய எல்லாம் உள்ள பில்லை வாங்குங்கள். ரூட் கேனால் என்றால் செய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த எக்ஸ்ரே வேண்டும். ஜிபே, போன்பே என்று எதில் கட்டினாலும் அந்த ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர், இன்சூரன்ஸுக்குக் கொடுக்கணும், விவரமா எழுதித் தாங்க" என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால்தான் அலைச்சல்.

பில் கொடுக்கும் கெடுவைத் தவறவிடாதீர்கள். கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் சொல்வது கணக்கில் வராது. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் நியாயமாக இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஆன்லைனிலேயே மனு போடலாம், குரூப் பாலிசியில் இருப்பவர்களும் போகலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.